மூடி வைத்த என் பெயர்

என் ஆசை அண்ணனுக்கு,

நாளை உங்களுக்குக் கருமாதி. கோயிலில் காட்ட, நீங்கள் இருக்கும் வீடியோ கிளிப் ஒன்றுக்கு உங்கள் பெயர் போட்டுத் தரும்படி அம்மா கேட்டார். படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. எழுத்துப் போட மட்டும் நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. "அத நான் பாத்துக்கிறேன், நீ போய் டீ ஊத்து" என்பீர்கள்.

எப்படிப் போட்டீர்கள் என்று பார்க்கலாமென்று உங்கள் லாப்டாப்பில் நம் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்து வீடியோவைத் திறந்தேன். வெட்டி ஒட்டும் திரையில் அந்த வீடியோவுக்கு மேலே இரண்டு எழுத்து வரிகள் இருந்தன. 'படப்பிடிப்பு, தொகுப்பு' என்று ஒன்றில் உங்கள் பெயர், இன்னொன்றில் என் பெயர். என் வரியின் பக்கத்திலிருந்த கண் அடையாளத்தை மூடி வைத்திருந்தீர்கள். மூடினால் அந்த எழுத்து படத்தில் வராதாம். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

என் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்ட அன்று என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "காமன் கூத்துல பொம்பளப் புள்ள பேரு வரக்கூடாதுன்னு கோயில் தலைவர் சொல்லிட்டாரு. நான் என்னா செய்ய?" ரதி வேஷத்தைக்கூட ஆண்தானே கட்டுகிறான், எனக்குச் சந்தேகமே வரவில்லை. காமனை எரித்த புகைக்குள் கண் எரிய நின்று எடுத்தவள் நான், வெட்டி ஒட்டியவளும் நான்.

காலையில் தலைவரிடம் நேரே கேட்டேன். பாவம், திருதிருவென்று விழித்தார்.

"நாங்க அப்படி ஒன்னும் சொல்லலையேம்மா. நீ எடுத்ததுன்னே தெரியாதே. தெரிஞ்சிருந்தா மைக்குல சொல்லியிருப்போமே."

அந்த வீடியோவைக் காட்டித்தானே கேகாலை ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தீர்கள்? புறப்பட்ட அன்று ரொட்டி சுட்டுக் கட்டித் தந்ததும் நான்தான். நான் இன்னும் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகும் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டிருந்தால் அந்தப் பெயரை நானே விட்டுக் கொடுத்திருப்பேன், அண்ணே. எதற்குப் பொய்? நீங்கள் போனதற்கு அழுவதா, இதற்கு அழுவதா?

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா அந்த வீடியோவைத்தான் காட்டுகிறார். "எம் மகன் தனியா எடுத்ததுங்க." வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று யோசித்தேன். மனசு கேட்கவில்லை.

உங்கள் கிளிப்பில் பெயரை அழகாகப் போட்டு, கடைசிவரை நிற்கும்படி இழுத்து விட்டிருக்கிறேன். அது முடிந்ததும் நாளை காமன் கூத்தும் ஓடும். படப்பிடிப்பு, தொகுப்பு என்ற இடத்தில் என் பெயர் வரும். கீழே 'எழுத்து' என்று உங்கள் பெயரும் வரும். நீங்கள் செய்தது அது ஒன்றுதான். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாலும் தலை குனிய மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
யோகேஸ்வரி