முக்கொம்பில் நான் சொன்னது

இன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையத்துக்கு வந்த பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மணிக்கட்டில் வலித்தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. மேடை ஏறுமுன் நீ இரண்டு கைகளிலும் அதைத்தான் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வாய்.

உறையூரில் உன் வீட்டு மாடி அறையில்தான் நம் இசைக்குழு பிறந்தது. நீ டிரம்ஸ், நான் கிட்டாரும் குரலும். ஜன்னல்களில் பழைய மெத்தைகளைக் கட்டியும் நம் ஹெவி மெட்டல் தெருக்கோடி வரை கேட்டது. முதன்முதலில் வாசித்த கல்லூரி விழாவில் மூன்றாவது பாட்டிலேயே மைக்கை அணைத்துவிட்டார்கள். "மூணு பாட்டு கேட்டாங்கல்ல, அது போதும்டா" என்று நீ சிரித்தாய்.

பிறகு பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத். ரயிலில் டிரம்ஸின் சிம்பல் தட்டுகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே தூங்குவாய். பேஸ் கிட்டார் வாசித்தவன் துபாய் போனான். இன்னொரு கிட்டார்காரன் கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டான். ஆள் மாற மாற, வந்தவர்களுக்கு எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தோம். மாறாமல் இருந்தது நாம் இருவர் மட்டும்தான்.

அப்புறம் உன் இடது கை தளர ஆரம்பித்தது. வேகமான பாட்டுகளில் பின்தங்கினாய். பயிற்சி போதவில்லை என்று நான் எரிந்து விழுந்தேன். பெங்களூருவில் ஒரு பெரிய விழாவுக்கு அழைப்பு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த கிட்டார்காரர், "அவர வெச்சிக்கிட்டு அங்க போய் நிக்க முடியாதுங்க" என்றார். நான் மறுக்கவில்லை.

உன்னை முக்கொம்பு அணைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். மதகில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. நீ காதில் விழாததுபோல் நின்றதால் இரண்டாம் முறையும் சொல்லவேண்டியிருந்தது.

"புதுசா யாரு வராங்க?" என்று கேட்டாய். பெயரைச் சொன்னேன்.

"நல்லா வாசிப்பான். நாலாவது பாட்டு மட்டும் அவனுக்குக் கஷ்டமா இருக்கும். நான் வந்து சொல்லித் தரேன்டா."

சொன்னபடி வந்தாய். மூன்று நாள் அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். நான் உன் முகத்தைப் பார்க்காமலே பாடிக்கொண்டிருந்தேன்.

விழா நன்றாகவே நடந்தது. முடிந்ததும் நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கைக்கு வந்தது நரம்பு நோய் என்று சில மாதங்கள் கழித்துக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவேண்டும், பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வந்தது உன் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான்.

உன் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தார். "நானாத்தான் விலகிட்டேன்னு சொன்னாருங்க. உங்களப் பத்தி யாரையும் ஒரு வார்த்தை பேச விடமாட்டாரு" என்றார்.

கேட்டுக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை. "நான்தாங்க அவன வெளிய அனுப்பினேன்" என்றேன்.

"தெரியுங்கண்ணே. முக்கொம்புலேந்து வந்தவரு சட்டகூட மாத்தாம இருட்டுற வரைக்கும் மாடியிலேயே உக்காந்திருந்தாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவரு பொய் சொல்றாருன்னு தெரிஞ்சும் நான் ஒண்ணும் கேட்டுக்கல."

ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

நாங்கள் இன்னும் வாசிக்கிறோம். பாட்டைத் தொடங்குமுன் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். "ரெடிண்ணே" என்பான் நீ சொல்லிக்கொடுத்த பையன். நல்ல பிள்ளை, ஓர் அடிகூடத் தவறாது. அவனுக்குத் தலையசைக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.