‘ஃபெர்ரோ காந்தம்’ என்ற சொல் விளங்காமல் பறிபோன கண் பற்றி

அனுப்புநர்:
க. அமிர்தவல்லி,
க/பெ. கன்னியப்பன்,
மேட்டுத் தெரு, சிங்கவரம்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப் பணிகள்,
விழுப்புரம்.

பொருள்: எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தை எல்லோருக்கும் புரியும் தமிழில் மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் கன்னியப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் கல் குவாரியில் உளி பிடித்தவர். இடுப்பு வலியில் கால் மரத்துப்போனதால் சென்ற ஜூன் மாதம் டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். தனியார் மையம் ஒன்றுக்குப் போனோம். அதன் பெயர் இணைப்பில் உள்ளது.

2. அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. பத்தாவது வரை படித்த நான் வாசித்துப் பதில் எழுதினேன். ஏழாவது கேள்வி: ‘தங்கள் உடலில் ஃபெர்ரோ காந்தத் தன்மை கொண்ட அயற்பொருள் ஏதேனும் உட்பொதிந்துள்ளதா?’ எனக்கு விளங்கவில்லை. மேசையில் இருந்த பெண்ணைக் கேட்டேன். “ஆபரேஷன் பண்ணி உள்ள எதனா வச்சிருக்காங்களான்னு கேக்குதுக்கா” என்றார். தனக்கு ஆபரேஷனே ஆனதில்லை, இல்லை என்று போடு என்றார் என் கணவர். அப்படியே போட்டு, அடியில் அவருக்காக நானே கையெழுத்தும் போட்டேன்.

3. பதினான்கு வருடத்துக்கு முன் உளி முனை தெறித்து அவர் இடது கண்ணில் பட்டது. நாலு நாள் சிவந்திருந்து, சொட்டு மருந்தில் அடங்கிவிட்டது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. எள்ளளவு இரும்பு உள்ளேயே தங்கியிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது.

4. மெஷினுக்குள் போன சில நிமிடங்களில் அவர் கத்தினார். வெளியே இழுத்தபோது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். காந்தம் அந்த இரும்பை இழுத்ததில் கண்ணுக்குள் கிழிந்து ரத்தம் கட்டிவிட்டதாகப் புதுச்சேரி கண் டாக்டர் சொன்னார். இரண்டு ஆபரேஷன் செய்தும் பார்வை வரவில்லை. ஃபெர்ரோ காந்தப் பொருள் என்றால் இரும்பு போல் காந்தம் வலுவாக இழுக்கும் பொருள் என்று எனக்கு விளக்கியவரும் அந்த டாக்டர்தான். இரும்பு என்று எழுதியிருந்தால் எனக்கு உளி ஞாபகம் வந்திருக்கும் ஐயா.

5. மையத்தின் மேலாளரிடம் முறையிட்டேன். படிவத்தில் உள்ளது சரியான அறிவியல் சொல், கையெழுத்து என்னுடையது என்று எழுத்தில் பதில் தந்தார். இரண்டும் உண்மை.

6. இப்போது அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில் போகிறது. நான் பார்க்காதது போல இருந்துவிடுகிறேன். “நீ இன்னா பண்ணுவ, எழுதியிருந்தததான படிச்ச” என்கிறார். ஒருநாளாவது திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

7. மேசையிலிருந்த பெண்ணைத் தண்டிக்க வேண்டாம். அவருக்கும் அந்தச் சொல் தெரியாது. நான் வேண்டுவது, ‘உளிச் சில்லு, இரும்புத் தூள், வெல்டிங் பொறி எப்போதாவது உங்கள் கண்ணில் பட்டதுண்டா?’ என்று படிவத்தில் எழுத வேண்டும். படிக்காதவர்களிடம் வாயால் கேட்க வேண்டும். ஆம் என்பவருக்கு முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

8. என் கணவரோடு கல்லுடைத்த தனகோட்டிக்கு வரும் திங்கட்கிழமை இதே ஸ்கேன். நேற்று அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். மற்ற குவாரி ஆட்களின் வீடு எனக்குத் தெரியாது. ஆகையால் தாங்கள் தாமதிக்காமல் உத்தரவிட வேண்டுகிறேன்.

இணைப்பு: படிவ நகல், மேலாளர் பதில், கண் மருத்துவர் அறிக்கை.

நாள்: 11.09.2025
இடம்: சிங்கவரம்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
க. அமிர்தவல்லி