வலது பக்கம் ஒடித்தால்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று லிஃப்ட். இரண்டு நிஜமான பழுது. மூன்றாவதில் பழுதே இல்லை. நாலாம் மாடிக் கதவிடுக்கில் ஏதோ பிள்ளையின் பொம்மைக் கால் சிக்கியிருந்தது. அதற்காக ஒரு கட்டடமே காலையிலிருந்து படியேறி மூச்சு வாங்கியிருக்கிறது.

திரும்பும்போது மருத்துவமனை முனையில் வண்டியை வலது பக்கம் ஒடித்தேன். பொசுக்கென்று நின்றுவிட்டது. விளக்கு இல்லை, ஹார்ன் இல்லை, இன்ஜின் இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை.

மார்ச் 4, புதன்

டேங்க்கைக் கழற்றிப் பார்த்தேன். அட பாவிகளா! ஹெட்லைட்டிலிருந்து வரும் ஒயர்க்கட்டை ஒரு விரல் அளவு குட்டையாக வைத்திருக்கிறார்கள். ஹேண்டில் பாரை வலது பக்கம் முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் அது இழுபட்டு இரும்புச் சட்டத்தின் விளிம்பில் உரசுகிறது. உரசி உரசி மேலுறை தேய்ந்து உள்ளே செம்பு தெரிகிறது. செம்பு சட்டத்தில் பட்டால் ஃபியூஸ் காலி. வெளிப்பக்கம் இருப்பது ஹார்ன் ஒயர். ஆகவே முதலில் ஹார்ன் கம்மும், பிறகு செத்துப்போகும். அதற்கப்புறம் எந்தத் திருப்பத்தில் எல்லாம் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இருபது வருஷமாக ஒயரோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இது ஒரு வேலையா? சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, மேலே டேப் போட்டு, புது ஃபியூஸ் மாட்டினேன். அரை மணி நேரம். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "கம்பெனிக்காரன் செய்ய வேண்டியதை நீங்க ஏன் செய்றீங்க?"

"அவன் செய்றதுக்குள்ள எனக்கு அறுபது வயசாயிடும்" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் சாப்பிட வந்தான். மனைவியின் ஒரே தம்பி. மொத்தக் கடையிலிருந்து மருந்துக் கடைகளுக்குப் பெட்டி கொண்டுபோகிறான். அவனிடமும் இதே வண்டிதான், இதே நிறம். நான்தான் வாங்கச் சொன்னேன். தினமும் காலை எட்டரைக்கு வாசலில் வந்து இரண்டு ஹார்ன் அடிப்பான், இவள் சாப்பாட்டுக் கேரியரோடு கீழே ஓடுவாள். மணிக்கூண்டு தப்பினாலும் அது தப்பாது.

"வண்டியை விட்டுட்டுப் போடா, நான் டியூப் சுத்தி வைக்கிறேன்" என்றேன்.

"ஓடுற வண்டியைப் பிரிக்காதீங்க மாமா. உங்க கை பட்டா அப்புறம் அது மேலயும் கீழயும்தான் போகும்."

சாப்பிட்டான், முன்னறையில் தூங்கினான், போய்விட்டான். சோம்பேறி.

மார்ச் 13, வெள்ளி

இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறதாம். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் நடத்துகிறார். எதற்கெடுத்தாலும் மனு எழுதுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் மனுக்காரர். என்னோடு சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று பேர். எல்லோருக்கும் அதே வலது பக்கம், அதே பொசுக்.

நான் செய்ததைப் படிப்படியாகப் படம் எடுத்து, என் நம்பரையும் போட்டு அனுப்பினேன். இன்று மாலைக்குள் தொண்ணூறு பேர் டியூப் சுற்றிய ஒயரைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் என்னை 'டாக்டர்' என்கிறார். பொய் சொல்வானேன், தலைகால் புரியவில்லை. மனைவியிடம் இரண்டு தரம் காட்டினேன்.

மார்ச் 19, வியாழன்

குழுவில் ஒரு தையல்காரர் உண்டு. "ஞாயித்துக்கெழமை சுத்திக்கறேன்" என்று எழுதியிருந்தார். இன்று புதன்சந்தை முனையில் லாரிக்கு எதிரே வலது பக்கம் திரும்பியிருக்கிறார். வண்டி நின்றுவிட்டது. ஹார்ன் அடிக்கவும் முடியவில்லை.

உயிர் பிழைத்தார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மிஷின் மிதிக்கிற கால். நொறுங்கிய வண்டியை அதற்குள் யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

நானும் மனுக்காரரும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடி அறை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். டை கட்டிய அதிகாரி ஒரு மணி நேரம் தலையாட்டினார். விற்ற வண்டி எல்லாவற்றையும் திரும்ப அழைத்து ஒயர்க்கட்டை மாற்ற வேண்டும் என்று மனுக்காரர் பதினொரு பக்கம் எழுதியிருந்தார்.

"உங்க கவலை புரியுது சார். ஆனா இதைப் பொதுவான குறைன்னு சொல்றதுக்கு ஆதாரம் வேணுமே."

தேய்ந்த ஒயரின் படங்களைக் காட்டினேன். படத்தில் இருப்பது எந்த வண்டி என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றார். அரசு அலுவலகத்துக்குப் போனால், கம்பெனியின் ஆய்வறிக்கை இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள். பந்து அங்கேயும் இங்கேயும் போகிறது. நாங்கள் நடுவில் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 6, திங்கள்

பதில் வந்தது. மனுக்காரர் போனில் வாசித்தார். 'வயரிங்கில் வெளியாரின் கை பட்ட வாகனங்களை ஆய்வுக்கு ஏற்க இயலாது.' நாங்கள் சுற்றிய டேப்தான் பழுதுக்கே காரணமாக இருக்கலாமாம்!

என் டேப். என் படம். என் நம்பர்.

"பிரிக்காத வண்டி ஒண்ணே ஒண்ணு கெடைச்சாப் போதும் சார்" என்றார். குழுவில் கேட்டுப் பார்த்தார். ஒருவர் விடாமல் சுற்றியிருக்கிறார்கள். டாக்டர் சொன்னாரே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் சுற்றாமல் விட்டிருந்தால்? இன்னும் எத்தனை தையல்காரர்கள்? எதைச் செய்திருக்க வேண்டும் நான்?

ஏப்ரல் 7, செவ்வாய்

சாயங்காலம் மச்சான் வண்டியைப் பற்றி மனுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மச்சான் வண்டியின் டேங்க் போல்ட்டில் சீல் வைத்தார்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார்கள். 21ஆம் தேதி ஆய்வாளர் வருவார். அதுவரை சீல் உடையக் கூடாது. நிறுத்தியும் வைக்கக் கூடாது, தினசரி உபயோகத்தில் இருக்கும் வண்டியைத்தான் பார்ப்பார்களாம். எந்த மகராசன் இந்த விதியை எழுதினானோ.

மச்சானுக்குச் சிரிப்பு. "அப்ப நான் இப்ப பெரிய ஆளு மாமா."

அவன் போகும் பதினொரு கடைக்கும் தாளில் வழி வரைந்து கொடுத்தேன். எல்லாம் இடது பக்கத் திருப்பம். வலது பக்கம் போக வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளு என்றேன்.

"இதுல போனா நாளைக்குத்தான் திரும்பி வருவேன்" என்றான். ஆனாலும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மனைவியிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

ஏப்ரல் 20, திங்கள்

ஆய்வு மே 4க்குத் தள்ளிப்போனது.

மே 2, சனி

மே 15க்கு. 'தவிர்க்க முடியாத காரணங்களால்.' யாருடைய காரணம், எதைத் தவிர்க்க முடியவில்லை, ஒன்றும் கிடையாது. போன் செய்தால் பாட்டுப் போடுகிறார்கள்.

மே 5, செவ்வாய்

காலையில் முதல் ஹார்ன் சரியாக அடித்தது. இரண்டாவது கம்மியது.

"ஹார்னுக்கு ஜலதோஷம்போல" என்று சிரித்துக்கொண்டே கேரியரை எடுத்துப் போனாள். உறை தேய்ந்தாகிவிட்டது.

மனுக்காரருக்குச் சொன்னேன். "இன்னும் பத்து நாள்தானே சார். நம்ம கண்ணு முன்னாடியே தப்பு முத்திட்டு வருது, இதைவிட நல்ல சாட்சி கெடைக்குமா?" என்றார். மோசமான மனுஷர் இல்லை. வாரம் தவறாமல் தையல்காரரைப் போய்ப் பார்க்கிறவர். ஆனாலும் போனை வைத்ததும் அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அப்புறம் என்மேல்.

மே 8, வெள்ளி

ஹார்ன் இல்லை.

கேரியரோடு பால்கனியில் நின்றுகொண்டே இருந்தாள். கீழேயிருந்து "அக்கா! அக்கா!" என்று கத்தினான். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் என்னோடு வாழ்ந்தவளிடம் எதை மறைக்க? எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் தம்பியையா சாட்சியா வச்சிருக்கீங்க?"

கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை. அன்றாட வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். போகும்போது கேரியரை மேஜையில் வைத்துவிட்டாள், அவன் சாப்பாடு இல்லாமலே போய்விட்டான்.

மே 9, சனி

போனில் மச்சானிடம் போதும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆறு நாள்தானே மாமா. பாத்து ஓட்டிக்கறேன். அந்தத் தையக்காரருக்கு ஒரு வழி பிறக்கணும்ல? நூத்தி நாப்பது பேரும் என்னை நம்பி இருக்காங்க."

இவனையா சோம்பேறி என்று எழுதினேன்.

மே 10, ஞாயிறு

வந்தான், சாப்பிட்டான், முன்னறையில் தூங்கினான். சாவி ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது.

நான் எடுக்கவில்லை. அவள்தான் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நீட்டினாள். மற்றொரு கையில் டார்ச். பட்டப்பகல்.

சீலை உடைத்தேன். சின்ன ஈயத் துண்டு, உடைக்க ஒரு நொடி ஆகவில்லை. உள்ளே நகத்தளவுக்குச் செம்பு பளபளவென்று தெரிந்தது. பக்கத்து ஒயரிலும் உறை நூல் மாதிரி ஆகியிருந்தது. இன்னும் ஒரே ஒரு திருப்பம் தாங்கியிருக்குமா? படம் எடுத்தேன், எதற்கு என்று தெரியவில்லை. அறுந்த ஒயரை ஒட்டி, டியூப் சுற்றினேன்.

ஹார்னை அழுத்திப் பார்த்ததும் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். வண்டியைப் பார்த்தான், கீழே கிடந்த சீலைப் பார்த்தான். படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாம் போச்சா மாமா?"

"போச்சுடா."

அவள் அவன் தலையில் கை வைத்தாள். தட்டிவிட்டான். தையல்காரரிடம் நான் என்ன சொல்வேன் என்று அழுதான். இருபத்தாறு வயசு ஆம்பளை, எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து.

மே 15, வெள்ளி

ஆய்வாளர் வந்தார். கையுறை போட்டுக்கொண்டார், போல்ட்டைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார். நாலு நிமிஷம். 'சீல் சிதைக்கப்பட்டுள்ளது. புகார் முடித்துவைக்கப்படுகிறது.'

மச்சான் வாய் திறப்பதற்குள் நான்தான் உடைத்தேன் என்று மனுக்காரரிடம் சொன்னேன். "உங்களை நான் என்ன சொல்றது சார்" என்றார். பதினொரு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைக்க முயன்றார். மடிப்பு சரியாக வரவில்லை, மூன்று தரம் மடித்தார்.

மே 16, சனி

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

மே 17, ஞாயிறு

யாரோ சொல்லித் தெரிவதைவிட என் வாயாலேயே தெரியட்டும் என்று தையல்காரர் வீட்டுக்குப் போனேன். மிஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. அவர் கட்டிலில் காலை நீட்டி, கையாலேயே பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார்.

"உங்க மச்சான் நல்லா இருக்கானா?"

"இருக்கான்."

பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "எங்க வீட்ல ஒரு லிஃப்ட் மெக்கானிக் இல்லாமப் போச்சே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மன்னித்தாரா, குத்திக் காட்டினாரா, வழி நெடுக யோசித்தும் தெரியவில்லை. இரண்டுமாக இருந்தாலும் நியாயம்தான்.

ஜூன் 2, செவ்வாய்

கம்பெனி புது நிறம் விட்டிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் ஆளுயர விளம்பரம். அதே வண்டி.

ஜூன் 9, செவ்வாய்

எட்டரைக்கு இரண்டு ஹார்ன். இரண்டும் கணீரென்று. இவள் கேரியரோடு இறங்கிப் போனாள். மச்சான் இப்போதெல்லாம் மேலே வருவதில்லை, ஞாயிற்றுக்கிழமையும்.

அவள் படியேறி வருவதற்குள் போன் வந்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல். "அண்ணா, ஒரு பழைய படத்துல உங்க நம்பர் இருந்துச்சு. புது வண்டி, வாங்கி நாலு மாசம். ரெண்டு நாளா ஹார்ன் கம்முது. என்ன செய்யறது?"

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். எதையும் தொடாதீங்கம்மா, அப்படியே கம்பெனிக்குக் கொண்டுபோங்க, எழுதி வாங்குங்க, மனுக்காரர்னு ஒருத்தர் இருக்கார், அவருக்கு உங்க வண்டி வேணும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வண்டியில யார் யார் போவீங்க?" என்று கேட்டேன்.

"நானும் பொண்ணும். ஸ்கூல்ல விடணும்."

பின்னால் அந்தப் பிள்ளை நேரமாச்சு, நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு அவளை நடத்திக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றேன். "பக்கத்துல சைக்கிள் கடை இருக்கா?"

இருக்கு என்றாள்.