பன்னிரண்டு பேரில் ஒருவன்

மாஸ்ரர்,

வலது கையில் துணிக்கட்டோடு இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். முந்தாநாள் காலை தோசைக்கல்லை இறக்கும்போது பிடிதுணியை மறந்துபோனேன். உள்ளங்கை வெந்துவிட்டது. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் இருக்கிற கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை மருந்து பூசி, வெள்ளைத் துணியால் சுற்றி, இங்கிலீசில் ஏதோ சொன்னது. என் மனைவி தமிழில் சொன்னாள்: "மூண்டு நாளைக்கு அவிழ்க்கக் கூடாதாம். மூண்டாம் நாள் சீழ் பிடிச்சிருக்கோ எண்டு பாப்பினமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளையும் ஏனென்று தெரியாமல் கூடச் சிரித்தது. அந்தச் சிரிப்பு பஸ்ஸுக்கு நிற்கும்போதே போய்விட்டது. இந்த மூன்று நாள் கணக்கை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னர், நோர்மன்காரர் வருவதற்கு முந்திய இங்கிலாந்தில், குற்றம் சாட்டப்பட்டவனுடைய கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஒன்பது அடி நடக்க வேண்டும். பிறகு கையைக் கட்டி முத்திரை வைத்து, மூன்றாம் நாள் பாதிரியார் அவிழ்த்துப் பார்ப்பார். புண் சுத்தமாக இருந்தால் அவன் சுத்தம். சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி.

எல்லோருக்கும் அந்த இரும்பு இல்லை என்றும் சொன்னீர்கள். யாருக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதியோர் சங்கத்தார் உங்கள் ஆண்டு நினைவுக்கு ஒரு மலர்ப் புத்தகம் போடுகிறார்கள். "மாஸ்ரரைப் பற்றி நல்லதா நாலு வரி தாங்கோ அண்ணை" என்று கேட்டார்கள். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பது ஸ்காபரோ முழுக்கத் தெரியும். நான் சொல்ல, மனைவி எழுதுகிறாள்.

நாங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நீங்கள் ஒன்பதாம் மாடி, நான் நாலாம் மாடி. ஊரில் ஒருவரையொருவர் கண்டதில்லை. நான் தோட்டக்காரன், புகையிலையும் வெங்காயமும் செய்தவன். நீங்கள் சரித்திர மாஸ்ரர். உங்கள் மனைவி தவறின பிறகு வியாழன் காலைகளில் நிலக்கீழ் லோண்ட்ரி அறைக்கு உடுப்புக் கூடையோடு வருவீர்கள். கூடைக்குள் சேட்டுகளுக்கு நடுவே நூலகப் புத்தகம் ஒன்று இருக்கும். மெஷின் சுற்றத் தொடங்கியதும் கண்ணாடியைப் போட்டு, இங்கிலீசை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வீர்கள்.

"ஏன் மாஸ்ரர், அந்த வெள்ளைக்காரரைப் பற்றி இன்னும் படிக்கிறியள்? படிப்பிச்சது காணாதோ?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ராசாக்களைப் படிப்பிச்சே முப்பது வருசம் போச்சு ஐசே," என்றீர்கள். என்னை நீங்கள் கூப்பிடுவது அப்படித்தான். "அந்த நாட்டில சனமும் இருந்ததெண்டு இப்பதான் தெரியுது."

அந்தச் சனத்தை எனக்குப் பிடித்துவிட்டது. பிரபுவின் நிலத்தில் இருந்த குடியானவனுக்குக் குடியேறும்போது இரண்டு எருது, ஒரு பசு, ஆறு செம்மறி, விதைத்த நிலம் கொஞ்சம் கொடுப்பார்கள். அதற்குக் கிழமையில் இரண்டு நாள் பிரபுவின் வயலில் வேலை, அறுவடைக் காலத்தில் மூன்று நாள். அவன் செத்தால் விட்டுப்போனதெல்லாம் பிரபுவுக்கு. "அப்ப பெடியளுக்கு?" என்று கேட்டேன். "பிரபு மனம் வைச்சால் உண்டு" என்றீர்கள். ஒரு கலப்பைக்கு எட்டு எருது என்று வாசித்தபோது நான் நம்பவில்லை. "எட்டு மாடோ? உழுறதோ, தேர் இழுக்கிறதோ?" என்றேன். அந்த நாட்டுக் களிமண்ணின் பாரத்தை நீங்கள் விளக்க விளக்க, ட்ரையரில் உங்கள் வேட்டி காய்ந்து, திரும்பவும் ஒருமுறை சுற்றி, கருகின மணம் வந்தது.

பஞ்சத்தில் சாப்பாட்டுக்காகத் தங்கள் தலையை இன்னொருவர் கையில் கொடுத்து அடிமையானவர்களைப் பற்றி ஒருநாள் வாசித்தீர்கள். அப்படிப்பட்டவர்களை விடுவிப்பதென்றால் நாற்சந்திக்குக் கூட்டிப்போய், இனி எந்தத் தெருவாலும் போகலாம் என்று காட்டுவார்களாம். "எந்தத் தெருவாலும் போகலாமெண்டால் அவன் எங்கை போறது?" என்றேன். விமான நிலையத்தில் என்னை உள்ளே விட்ட அதிகாரி கதவைக் காட்டியபோது, வெளியே பனியில் எனக்கும் அந்த யோசனைதான் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு வேட்டியை மடித்தீர்கள்.

பத்துப் பத்துப் பேராக ஒருவருக்கொருவர் பிணை நிற்கவேண்டும் என்ற சட்டத்தை வாசித்தபோது, "அப்ப பத்துப் பேரும் ஸ்பொன்சர் எண்டு சொல்லுங்கோ, இஞ்சை பிணை நிண்டு ஆள் எடுக்கிற மாதிரி" என்றேன். அன்று முழுக்கச் சிரித்தீர்கள். நாலு கிழமைக்கு ஒருக்கால் ஊரெல்லாம் ஒரு மரத்தடியிலோ மேட்டிலோ கூடி வழக்குப் பார்ப்பார்களாம். எங்கள் சங்கமும் மாதத்தின் முதல் ஞாயிறு கீழ்மாடி ஹோலில் கூடுவதால், அதற்கும் நீங்கள் 'வழக்கு' என்றுதான் பெயர் வைத்தீர்கள்.

"என்ன காணும், வழக்குக்கு வரேல்லையோ?" என்று லிப்டுக்குள் கேட்பீர்கள். "வடை உண்டெண்டால் வாறன்" என்பேன்.

பிறகுதான் அந்தச் சத்தியத்தின் கதை வந்தது. ஒருவன் மேல் குற்றம் சாட்டினால், அவன் எழும்பி, நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். அது போதாது. அவனோடு வேறு ஆட்கள் எழும்பி நிற்கவேண்டும். பெரிய குற்றம் என்றால் பன்னிரண்டு பேர். நடந்ததை அவர்கள் கண்டிருக்கத் தேவையில்லை. இவன் பண்ணின சத்தியம் சுத்தமானது என்று ஆளாள் சொன்னால் வழக்கு முடிந்தது.

எனக்குக் கோபமே வந்தது. "காணாமல் சத்தியமோ? உது கள்ளச்சாட்சி."

"சாட்சி வேறை, உது வேறை ஐசே. சாட்சி நடந்ததைச் சொல்லுறவன். இவன் ஆளைச் சொல்லுறவன்."

"ஆளை எப்பிடிச் சொல்லுறது? ஆளுக்குள்ள போய்ப் பாத்தவனோ?"

"இல்லை. பாக்காமல் நிக்கிறதுதான் அதில உள்ள பாரம்."

எனக்கு அது பிடிபடவில்லை. என் பெருமை வேறு. எழுத்துத் தெரியாதவனுக்குத் தலைதான் எழுதிவைக்கிற கொப்பி. யார் எந்த வருடம் வந்தது, யார் கலியாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனது, எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். கண்டதை மட்டும் சொல்வேன், காணாததைச் சொல்லமாட்டேன். அதற்காகவே எனக்கு அந்த ஹோலில் ஒரு மரியாதை இருந்தது.

இரும்பு யாருக்கு என்று அன்று கேட்டேன். பொய்ச்சத்தியம் பண்ணிப் பிடிபட்டவனுக்கு, கெட்ட பெயர் எடுத்தவனுக்கு என்றீர்கள். "இன்னும் ஒருத்தன் இருக்கிறான். தூரத்தில இருந்து வந்தவன். தனக்காக எழும்பி நிக்க ஆளில்லாதவன். அவனைப் பிடிச்சு அடைச்சுவைச்சு, பிறகு இரும்பு."

"அவன் என்ன பிழை செய்தவன்?"

"ஆளில்லாததுதான் பிழை."

அடுத்த பனிக்காலம் சின்னராசா என்பவர் எங்கள் கட்டடத்தில் மகளோடு வந்து இருந்தார். உங்கள் ஊர்க்காரர். ஊரில் சண்டை நடந்த காலத்தில் அவருடைய தமையனை ஆமி பிடித்துக்கொண்டு போனது, ஆள் திரும்பவில்லை. ஊரைச் சுற்றி வளைத்து, இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் ஜீப்பில் இருந்து ஆளைக் காட்டிக்கொடுத்துத் தலையாட்ட, ஆட்டின தலைக்கு ஆட்களைப் பிரித்தெடுத்த காலம். அந்தச் சாக்குக்குள் இருந்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. சின்னராசாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. மாசி மாதக் கூட்டத்தில், தேத்தண்ணிக்கு முன், அவர் எழும்பினார்.

"உந்த மாஸ்ரர்தான் என்ர அண்ணனுக்குத் தலையாட்டினவர். உவரோட ஒரே கூட்டத்தில நான் இருக்கமாட்டன்."

நீங்கள் உடனே எழும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேட்டுப்பையில் வைத்துவிட்டு, மெதுவாக எழும்பி, நெஞ்சில் கை வைத்தீர்கள்.

"என்ர பிள்ளையளாணை, நான் செய்யேல்லை."

அவ்வளவுதான் சொன்னீர்கள். ஆனால் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தீர்கள். ஏதோ வயதுபோனவர் தடுமாறி நிற்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நீங்கள் எதற்காக நின்றீர்கள் என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். உங்கள் கண் கடைசியாக வந்து நின்ற இடமும் நான்தான்.

சங்கத் தலைவர் கேட்டார்: "அண்ணை, உங்களுக்கு மாஸ்ரரை நல்லாத் தெரியும். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நான் இருந்த இடத்தில் இருந்தே சொன்னேன்: "நான் அங்கை நிக்கேல்லை. காணாததை என்னெண்டு சொல்லுறது?"

இதை எழுதும்போது மனைவி பேனையை வைத்துவிட்டாள்.

"உதையும் எழுதவோ?"

"எழுது."

"அவையள் மலரில போடமாட்டினம்."

"போடாட்டி விடட்டும். நீ எழுது."

நான் பொய் சொல்லவில்லை, மாஸ்ரர். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள நஞ்சு. பொய் சொல்லியிருந்தால் ஒரு நாள் மன்னிப்புக் கேட்கலாம். கண்டதை மட்டும் சொல்பவன் என்று பெயர் எடுத்தவன், உங்களோடு ஒவ்வொரு வியாழனும் இருந்தவன், எனக்குத் தெரியாது என்றுவிட்டான். அதற்கு மேல் அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? நீங்கள் திரும்பக் கதிரையில் இருந்தீர்கள். தேத்தண்ணி வந்தது. உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனவர், திரும்பி அந்தக் கதிரைக்கு வரவில்லை.

பிறகு எனக்கு நானே எத்தனையோ நியாயம் சொன்னேன். உங்கள் புத்தகத்தில் இருந்தே ஒன்றை எடுத்தேன்: தெயின் என்று நிலமும் வாளும் வைத்திருந்த பெரியவர்கள் இருந்தார்களே, அவர்களில் ஒருவருடைய சத்தியம் ஆறு குடியானவர்களுடைய சத்தியத்துக்குச் சமம் என்று. அந்த ஹோலில் எஞ்சினியர் இருந்தார், டொக்டர் இருந்தார். கைநாட்டுக்காரன் என் சத்தியம் ஆறில் ஒன்று, நான் நின்றென்ன, இருந்தென்ன? நல்ல நியாயம். ஆனால் தலைவர் கேட்டது எஞ்சினியரை அல்ல, என்னைத்தான்.

அதற்குப் பிறகு ஒரு வியாழனும் நீங்கள் லோண்ட்ரிக்கு வரவில்லை. சித்திரையில் உங்கள் மகன் வந்து, நகரத்தின் மற்ற அந்தத்தில் இருக்கிற பிறம்ரனுக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். பாரவண்டிகளும் கிடங்குகளும்தான் அந்தப் பக்கம். கார் இல்லாத கிழவனுக்கு அது சிறை. பேஸ்மென்ட் அறையில் இருந்தீர்களாம். ஒருமுறை போன் எடுத்தேன்.

"கோபமோ மாஸ்ரர்?"

"இல்லை ஐசே. நீர் காணேல்லைத்தானே."

"வந்து பாக்கட்டே?"

"வேண்டாம். இஞ்சை வாறதெண்டால் மூண்டு பஸ்."

நீங்கள் திட்டியிருந்தால் நான் மூன்று பஸ் ஏறி வந்திருப்பேன். ஐப்பசியில் செத்துப்போனீர்கள்.

செத்தவீட்டுக்கு இரண்டு வான் வண்டியில் சங்கம் வந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, "தங்கமான மனுசன்" என்றார். உங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்து எழும்பிப் போனவர் உங்கள் கால்மாட்டில் பூப் போட்டார். உயிரோடு இருந்தவருக்காக ஒருவராலும் எழும்ப முடியவில்லை. படுத்திருந்தவருக்காக எல்லோரும் எழும்பி நின்றோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து வந்த முதல் ஞாயிறு, வேறு ஏதும் விசயம் உண்டோ என்று தலைவர் கேட்டபோது நான் எழும்பினேன்.

"மாஸ்ரர் இதில நிண்டு பண்ணின சத்தியம் சுத்தமானது. நான் அதுக்கு நிக்கிறன்."

"அண்ணை, அது முடிஞ்ச விசயம். இப்ப ஏன்?" என்றார் தலைவர்.

சின்னராசா மட்டும் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, களைப்புத்தான். தமையனை எடுத்தவனின் முகத்தை அவரும் ஒருநாளும் காணவில்லை. யாருடைய முகத்தையாவது அந்தச் சாக்குக்குள் வைக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. "நீர் கண்டனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை. காணேல்லை."

"பிறகென்ன சத்தியம்?"

அதே வசனத்தை இன்னொருக்கால் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். அந்தச் சாக்குக்குள் இருந்தது யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, மாஸ்ரர். நீங்கள் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. நீங்கள் என்னிடம் கேட்டதும் ஆதாரம் இல்லையே. ஆதாரம் இருந்தால் அதற்கு நான் எதற்கு?

அன்றிலிருந்து ஒவ்வொரு முதல் ஞாயிறும் எழும்பி, அதே வசனத்தைச் சொல்லிவிட்டு இருக்கிறேன். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு சிரித்தார்கள். இப்போது சிரிப்பும் இல்லை; நான் சொல்லி முடிக்கும்வரை ஆளாள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், தலைவர் நன்றி சொல்வார், தேத்தண்ணி வரும். சின்னராசா மட்டும் நான் நிற்கும் நேரம் முழுக்க நிலத்தைப் பார்த்தபடி இருப்பார்.

போன ஞாயிறோடு பன்னிரண்டு தரம் ஆகிவிட்டது. ஒருவன் பன்னிரண்டு தரம் எழும்பினால் அது பன்னிரண்டு பேர் ஆகாது என்று எனக்குத் தெரியும். இன்னும் பதினொரு பேர் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.