ஒட்டாத ஓரம்

மார்ச் 4

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

இங்கே எல்லாம் நலம். மாதிரித் துண்டுகள் கிடைத்தனவா? இரும்புத் தகட்டின் மேல் செம்புத் தகட்டை வெடிமருந்து வைத்து வெடித்து ஒட்டுவதில் நம்மை விட்டால் ஆளில்லை என்கிறார், நம்மிடம் தகடு கேட்டிருக்கும் கொதிகலன்காரர். ஆனால் உன் கம்ப்யூட்டர் ‘சரி’ என்றால்தான் ஆர்டராம். ஒரு வரி எழுதிவிடேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

கிடைத்தன. அவற்றின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திரையில் வெடிமருந்து வெடிக்கிறது, மேல்தகடு வளைந்து கீழ்த்தகட்டில் மோதுகிறது, இரண்டும் அலை அலையாகப் பின்னிக்கொள்கின்றன. எந்த அளவைக் கொடுத்தாலும் ஒட்டுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. நன்றாக ஒட்டியதையே அனுப்பினால் அதற்கு வேறென்ன தெரியும்? கழன்றவற்றை அனுப்புங்கள். அதுவரை அந்த ஒரு வரி வராது. கொதிகலன் பக்கத்தில் மனிதர்கள் நிற்பார்கள்.

‘எல்லாம் நலம்’ என்று நீங்கள் சொல்லிச் சொல்லித்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

இப்போதைக்கும் உங்கள் மனைவி

மார்ச் 19

கோபக்காரிக்கு,

கழன்ற தகடுகளைக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். எடுக்கச் சொன்னதும் மேஸ்திரி, “மேடத்துக்கா சார்? மானம் போயிடும்” என்றார்.

“போனா போகட்டும், அனுப்புய்யா” என்றேன்.

போன வருடம் பெரிய தகடு ஒன்றும் பிரிந்தது. நான் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அந்த மாதம்தான்.

உன்னவன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

இப்போது என் கணக்கிலும் தகடு பிரிகிறது. மருந்தைப் பற்றவைத்த இடத்திலிருந்து தள்ளிப் போகப்போக மோதும் வேகம் கூடி, கடைசி ஓரத்தில் உலோகம் உருகிவிடுகிறது, ஆறியதும் நொறுங்குகிறது. நீங்கள் அனுப்பியவை பெரும்பாலும் அங்கேதான் கழன்றிருக்கின்றன. இரண்டு மட்டும் ஏன் வேறு இடத்தில் கழன்றன என்று எனக்குப் பிடிபடவில்லை, விடப்போவதில்லை. கடைசி ஓரத்துப் பக்கம் மருந்தின் கனத்தைக் குறைத்து வெடித்துப் பாருங்கள். அறுத்துப் பார்த்ததை அப்படியே எழுதுங்கள்.

சாப்பிடுகிறீர்களா? அதையும் உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 12

என் அன்புக்குரியவளுக்கு,

வெடித்தோம். கடைசி ஓரத்தை உளி வைத்து அடித்தும் பிரிக்க முடியவில்லை. ஆனால் மருந்தைப் பற்றவைத்த மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டவே இல்லை. அதனால் ‘சரி’ என்று எழுதாதே. கொதிகலன்காரரிடமும் சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போனாலும் ஒரு மாதம் தந்திருக்கிறார்.

நான் சரியாகச் சாப்பிடுவதில்லை. சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது. தூக்கமும் இல்லை.

அந்த மூலையை அறுத்துவிட்டேன், தபாலில் போடவில்லை. சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். வாசலோடு திருப்பி அனுப்புவதானாலும், துண்டை மட்டுமாவது வாங்கிக்கொள்.

நான்