வேன் சாயும் பக்கம்

ஜூன் 10, செவ்வாய்
பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தார்களாம். மகள் டெய்சிக்கு வயது பதினாலு, எடை எழுபத்திரண்டு கிலோ. டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு. நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அரிசி மூட்டை உன்னைவிட லேசு கண்ணு" என்றேன். அவள் அம்மா அமலி சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்
நான் ஓட்டுகிற பள்ளி வேனில் மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கடைசியாக எங்கள் வாசலில் டெய்சிக்காக நிறுத்துவது வழக்கம். அவள் ஏறியதும், "வேன் சாயுது, எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்றேன். பதினொரு பிள்ளைகளும் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 13
வேனில் வரவில்லை. முன்னாடியே நடந்து போய்விட்டாளாம்.

ஜூன் 17, செவ்வாய்
டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "பாப்பா எங்க வெளையாடுது?" என்றார். முன்பு இருந்த மதுக்கரையில் வீட்டுக்குப் பின்னால் காலி இடம், பொழுதுக்கும் ஓடுவாள். போத்தனூர் வந்து மூன்று வருடம். மாடி வீடு. கீழே பேக்கரி. வாசலில் வேன்.
"ஸ்கூல் எவ்வளவு தூரம்?"
"ஒன்னரை கிலோமீட்டருங்க. அப்பன்கிட்ட வேன் இருக்கறப்ப புள்ளைய நடக்க உடுவேனுங்களா?"
"இப்ப நடந்துதான் போறேன்" என்றாள் டெய்சி, டாக்டரிடம். என்னிடம் இல்லை.

ஜூன் 21, சனி
யாருக்கும் சொல்லாமல் பள்ளிக்கு நடந்து பார்த்தேன். தினமும் ஓட்டுகிற ரோடு, கால் வைத்ததே இல்லை. நடைபாதை கிடையாது. சாக்கடை இரண்டு இடத்தில் திறந்து கிடக்கிறது. பேக்கரி ஏழு. மைதானம் ஒன்று, அதுவும் இப்போது கல்யாண மண்டபத்துக்காரர்கள் கார் நிறுத்த. ஒரு வேன் உரசுகிற மாதிரி ஆரன் அடித்துப் போனது. நானும் இப்படித்தானே போவேன்? மூச்சு வாங்கி நாலாவது பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றேன்.
இந்த ரோட்டுலயா எம்புள்ள தனியா போகுது? வாய மூடிட்டு ஓட்டியிருக்கோணும்.

ஜூன் 22
டெய்சியிடம், வேனில் சொன்னது தப்பு என்றேன். "ம்" என்றாள். பிறகு, "சர்ச் வரைக்குந்தான் மெயின் ரோடு. அப்புறம் ரயில்வே காலனிக்குள்ள நடக்கறேன். லாரி வராதுங்கப்பா" என்றாள். மூன்று வருடம் வண்டி ஓட்டியும் எனக்குத் தெரியாத வழி.

ஜூலை 1, செவ்வாய்
சர்ச் வாசலில் வேனை நிறுத்தி, மிச்ச தூரத்தைப் பிள்ளைகளோடு நானே நடக்கிறேன் என்று பெற்றோரிடம் கேட்டேன். யஷ்வந்தின் அம்மா மட்டும், "வேன் வெச்சுப்போட்டு எதுக்குங்க நடக்கோணும்?" என்றார். "பத்து நாள் பாருங்க அம்மணி."

ஜூலை 9
நடக்கிறோம். டெய்சி வழக்கம்போல முன்னாடியே போய்விடுகிறாள்.

ஜூலை 24
மழை. நடக்கவில்லை. அவள் குடை பிடித்துப் போனாள்.

ஆகஸ்ட் 6, புதன்
எடையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. காலையில் பழக்கதோஷத்தில் வாசலில் நிறுத்தினேன். கதவு திறந்தது. டெய்சி ஏறி உட்கார்ந்து, "டிரைவர் பக்கம் சாயுது, எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.
பதினொரு பிள்ளைகளும் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சர்ச் வந்ததும் முதலில் இறங்கினாள்.