பழுதாகாத மெஷின்

12.11 புதன்
விடிந்ததிலிருந்து மழை. கந்தோர் வேலை முடிந்து டவுனில் காய்கறி, பழம் காயவைக்கிற மெஷின் வாங்கியாயிற்று. வட்டமானதா, பெட்டி மாதிரியானதா என்று அரை மணி நேரம். கடைக்காரர்: "வட்டமெண்டால் தட்டுகளை மேலை கீழை மாத்தி மாத்தி வைக்கோணும் அக்கா. பெட்டிக்குக் காத்தாடி பின்னுக்கு. எல்லாத் தட்டும் ஒருமாதிரிக் காயும்." பெட்டிதான். ஆறு தட்டு.

13.11 வியாழன்
பாகற்காய்: ஆறு மணித்தியாலம், நன்று. இன்னும் மெல்லிதாக வெட்ட வேண்டும்.

14.11 வெள்ளி
மோர்மிளகாய்: வீடு முழுக்க இருமல். இனி விறாந்தையில்.

15.11 சனி
மழை விடவில்லை. அண்ணையின் மனைவி சுகந்தி மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து ஃபோன்.

"மச்சாள், என்ரை தங்கச்சி புதன்கிழமை பிரான்சுக்குத் திரும்பிப் போறாள். அவளுக்கெண்டு கட்டா மீன் வெட்டி உப்புப் போட்டு வைச்சிருக்கிறம். வெயிலைக் காணேல்லை. உங்கடை மெஷினிலை ஒருக்காக் காயவைச்சுத் தருவீங்களே?"

யோசிக்கவே இல்லை. "ஐயோ அண்ணி, அது நேத்தே பழுதாப் போச்சு."

மெஷின் எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மீன் சாப்பிடாத வீடு இல்லை இது, செவ்வாய் வெள்ளி தவிர. மணம்தான் காரணம் என்று எழுதப் போனேன். இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். "மயிலிட்டிச் சம்பந்தம், இப்ப வீட்டிலை கருவாடும் போடினம்" என்பார்கள். எங்கள் ஊர் இணுவிலில் இது போதும்.

அண்ணை அங்கே மீன்பிடிக்கிற குடும்பத்தில் கட்டியபோது அம்மா மூன்று வருடம் அண்ணியின் கையால் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்காக அம்மாவோடு சண்டை பிடித்தவள் நான்.

16.11 ஞாயிறு
பத்து மணிக்கு வாசல் படலையில் சத்தம். அண்ணியும் அவருடைய தமையன் ரவியண்ணையும். துறைமுகத்தில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர். நனைந்துபோய், கையில் சாமான் பையோடு.

"சுகந்தி சொன்னவள், மெஷின் பழுதெண்டு. புதுசைத் தூக்கிக்கொண்டு ஏன் கடைக்கு அலைவான்? நான் பாத்துத் தாறன் தங்கச்சி."

விறாந்தையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாழைப்பழம், ஐந்தாவது மணித்தியாலம்.

ரவியண்ணை குந்தியிருந்து பிளக்கைக் கழற்றினார். பின்மூடியைத் திறந்தார், எதையோ முறுக்கினார், மூடினார். "ஒரு வயர் லூஸ். உதுதான் விட்டுவிட்டு வேலை செய்திருக்கு. இனிப் பயமில்லை." என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி ஒரு துண்டு எடுத்துக் கடித்தார். "நல்லாக் காஞ்சிருக்கு மச்சாள்."

தேத்தண்ணி வேண்டாமாம். மீனைக் கொண்டு வாங்கோ என்று சொல்ல வாய் திறந்தேன். மோட்டார் சைக்கிள் புறப்பட்டுவிட்டது.

17.11 திங்கள்
அரைநாள் லீவு. ஆட்டோவில், மெஷின் மடியில், மயிலிட்டி. என்ன சொல்வது என்று வழி முழுக்க மூன்று கதை கட்டினேன். வாசலில் ஒன்றும் வரவில்லை.

"அது பழுதாகேல்லை அண்ணி. பொய் சொன்னனான்."

"தெரியும்." கையைத் துடைத்தார். "ரவியண்ணைக்கும் தெரியும்."

"மீன்?"

"உப்புக்கை கிடக்கு." பிறகு, "உந்த மெஷினைக் கொண்டு போங்கோ மச்சாள். மீன் மணம் பிடிச்சால் பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மணக்கட்டும்" என்று மேசையில் வைத்தேன். அறுபத்தைந்து பாகை, பத்து மணித்தியாலம், துண்டுகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. கடைக்காரர் மாதிரி சொல்லிக்கொண்டே நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை என்பது திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது.

20.11 வியாழன்
மழை இல்லை. அண்ணை மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். அண்ணியின் தங்கை கருவாட்டோடு சந்தோஷமாகப் போனாளாம். "சுகந்தி தட்டெல்லாம் தேசிக்காய்ப் புளி விட்டு ரெண்டு தரம் கழுவினவள்."

எங்களுக்கும் ஒரு பொட்டலம். பொலித்தீனில் மூன்று சுற்று, மணம் வெளியே வராதபடி.

அண்ணை போனதும் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கோடு வைத்து மணந்து பார்த்தேன். மூன்றாவது தட்டில்தான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது.